ராத்திரி ரவுண்ட்ஸுக்கு ஒரு சாட்சி: எங்கள் அரிசி ஆலையில் மூன்று வருடம் ஓடிய பஞ்சிங் மிஷின்

மாசி, பங்குனியில் பிசான நெல் வந்து இறங்க ஆரம்பித்துவிட்டால் எங்கள் ஆலையில் பகல் வேலையைவிட ராத்திரிக் காவல்தான் பெரிய வேலை. கல்லிடைக்குறிச்சிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவில், பின்சுவரை ஒட்டிக் கன்னடியன் கால்வாய் ஓடுகிற மூன்று ஏக்கர் இடம். புழுங்கல் அரிசி ஆலை. அவித்த நெல் களத்தில் விரிந்து கிடக்கும், மூடைகள் குடோனில் கூரை தொட ஏறியிருக்கும், உமிக் கிடங்கு பிதுங்கிக்கொண்டு நிற்கும். நான் இங்கே கணக்கு எழுத வந்து 19 வருடம் ஆகிறது. இப்போது ஆட்கள், சம்பளம், காவல் எல்லாமே என் பொறுப்பு.

2022 ஜூனில் வாட்ச்மேன்களுக்காக ஒரு ரவுண்ட்ஸ் ரீடர் வாங்கினோம். ஆலையில் அங்கங்கே மாட்டியிருக்கிற டேக் என்ற வில்லையைத் தொட்டால், எந்த இடம், எத்தனை மணி என்று பதிந்துகொள்கிற கைக்கருவி. கடைக்காரர் அதை ‘கார்டு டூர் சிஸ்டம்’, அதாவது காவலாளி சுற்றிவருவதைப் பதிகிற ஏற்பாடு என்றார். எங்கள் வாட்ச்மேன்கள் அன்றிலிருந்து இன்றுவரை ‘பஞ்சிங் மிஷின்’ என்கிறார்கள். அக்கம்பக்கத்து ஆலைகளில் இருந்தும், பாளையங்கோட்டையில் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருந்தும் அது எப்படி இருக்கிறது என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் அரைமணி நேரம் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல சாமான், வாங்கலாம். ஆனால் வாட்ச்மேன் தூங்குகிறாரா என்று பிடிப்பதற்காக மட்டும் வாங்குவதாக இருந்தால் வேண்டாம். அவர் ராத்திரி முழுக்க நடந்ததற்கு ஒரு சாட்சி வேண்டும் என்று நினைத்து வாங்குங்கள். இந்த மூன்று வருடத்தில் அதனால் எங்களுக்குக் கிடைத்த நன்மையெல்லாம் அந்த வழியாகத்தான் வந்தது.

திருநெல்வேலிச் சீமையில் காவல் பழைய தொழில். பாளையக்காரர் காலத்தில் திசைக்காவல், தலக்காவல் என்று வைத்திருந்தார்கள். களவு போனால் காவல்காரர் பொருளைத் தேடிக் கொண்டுவந்து தர வேண்டும், இல்லையென்றால் ஈடு கட்ட வேண்டும். அந்த ஏற்பாடெல்லாம் எப்போதோ போய்விட்டது. ஆனால் ஒரு மூடை குறைந்தால் முதலில் வாட்ச்மேன் முகத்தைப் பார்க்கிற வழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. அவர் கையில் தன் பக்கத்துக்குக் காட்ட எதுவும் இருக்காது. கேட்டில் ஒரு நோட்டு இருக்கும். அதில் மணிக்கு ஒரு கையெழுத்து. எட்டுக் கையெழுத்தையும் பத்து மணிக்கே போட்டு வைத்துவிட்டுப் படுக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால், உண்மையிலேயே எட்டுத் தடவை நடந்தவருடைய கையெழுத்துக்கும் மதிப்பு இல்லாமல் போய்விடுகிறது.

என் அப்பா விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலை வேலை பார்த்தவர். அந்தக் காலத்துச் சாவிக் கடிகாரத்தைப் பற்றி அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தோல் உறை போட்ட கனமான கடிகாரத்தை வாட்ச்மேன் தோளில் மாட்டிக்கொண்டு போவார். ஒவ்வொரு முக்கிலும் சுவரில் சங்கிலி போட்டு ஒரு சாவி தொங்கும். அதைக் கடிகாரத்துக்குள் விட்டுத் திருகினால் உள்ளே இருக்கும் காகிதத்தில் அந்தச் சாவியின் எண் அந்த நேரத்துக்கு நேராகப் பதியும். காலையில் அதிகாரி பூட்டைத் திறந்து காகிதத்தை எடுத்துப் பார்ப்பார். நாங்கள் வாங்கியதும் வேலையில் அதே கடிகாரம்தான். சாவி இருந்த இடத்தில் டேக், காகிதம் இருந்த இடத்தில் நினைவகச் சில்லு, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை வாங்குவதற்கு முன்னால் எட்டு மாதம் ஒரு மொபைல் செயலியில் பணத்தைப் போட்டோம். அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது எல்லோரும் முதலில் அங்கேதான் போகிறார்கள். பதினொரு இடத்தில் க்யூ.ஆர். கோடு அச்சடித்து ஒட்டித் தந்தார்கள். வாட்ச்மேன் போனைக் காட்டி ஸ்கேன் செய்தால் என் போனுக்குத் தகவல் வரும். முதல் வாரம் ரொம்ப அழகாக வந்தது. பத்தாம் நாள் பார்த்தால், எடைமேடையில் இருந்து கால்வாய்ச் சுவருக்கு நாற்பது நொடியில் போயிருக்கிறார். நடந்து போனால் முடியாது. பகல் வாட்ச்மேன் பதினொரு கோடையும் தன் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு போனில் படத்தைக் காட்டி இன்னொரு போனால் ஸ்கேன் செய்திருந்தார். க்யூ.ஆர். கோடு வெறும் படம். படத்துக்குப் படம் எடுத்தாலும் அதே கோடுதான்.

சொன்னதும் செயலிக்காரர்கள் ஜி.பி.எஸ். பூட்டுப் போட்டுத் தந்தார்கள். இடத்தில் நின்றால்தான் ஸ்கேன் ஆகும். வெட்டவெளியில் ஜி.பி.எஸ். சில மீட்டர் பிசகோடு இடத்தைச் சொல்லிவிடும். தகரக் கூரைக்குக் கீழே அதற்கு வானமே தெரியாது. நெல் குடோனுக்குள் நிற்கிறவரைக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் வயலில் நிற்பதாகக் காட்டும், ஸ்கேனை ஏற்காது. ஒழுங்காக நடந்த மனிதர் பேருக்குச் சிவப்புக் கோடு விழும். ஆண்ட்ராய்டு போனில் பொய் இடம் காட்டுகிற செயலிகளும் இருக்கின்றன என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அப்படியானால் நேர்மையானவர் மாட்டிக்கொள்கிறார், வழி தெரிந்தவர் தப்பிக்கிறார்.

எனக்கு மனசு கஷ்டமானது இன்னொரு விஷயத்தில். எங்கள் ராத்திரி வாட்ச்மேனுக்கு வயது 58. கிட்டத்தில் இருப்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. டார்ச்சை இடுக்கிலே வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, தவிட்டுத் தூசி படிந்த விரலால் போன் திரையைத் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டு நிற்பார். சாரல் காலத்தில் விரல் ஈரமாக இருந்தால் திரை அசையவே அசையாது. ஒரு நாள் காலையில் சாவியைக் கொடுக்கும்போது கேட்டார், “எம்மேல சந்தேகமாம்மா உங்களுக்கு? வெளிப்படையாச் சொல்லிருங்க.” “அண்ணாச்சி, உங்க மேல இல்ல” என்றேன். அன்றைக்கே அந்தச் செயலியை நிறுத்தச் சொல்லி முதலாளியிடம் பேசினேன்.

சரி, இப்போது இருக்கிற மிஷின். மதுரையில் இருந்து வரவழைத்தோம். ரீடர் 9,200 ரூபாய், டேக் ஒன்று 90 ரூபாய் வீதம் இருபது, 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 12,980 ரூபாய். மென்பொருளுக்குத் தனிப் பணம் இல்லை, மாதச் சந்தாவும் இல்லை. சீனத்தில் செய்து வருகிற இந்த ரீடர்களை நம் ஊரில் ஆளுக்கொரு பெயர் ஒட்டி விற்கிறார்கள். மூன்று கடைகளில் விலை கேட்டபோது மூன்று பெயரில் ஒரே படத்தைத்தான் அனுப்பினார்கள். அதனால் மேலே என்ன பெயர் ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதைவிட உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது உதவும்.

கையில் பிடித்தால் ஒரு சின்ன டார்ச் அளவு. ரப்பர் உறை. திரை கிடையாது, ஒரே ஒரு பொத்தான். டேக்குக்கு நேரே இரண்டு விரல்கடை தூரத்தில் கொண்டுபோய் அழுத்தினால் பச்சை விளக்கு எரிந்து கை அதிரும். அந்த அதிர்வுதான் இதில் எனக்குப் பிடித்த அம்சம். பாய்லர் ஓடுகிற சத்தத்தில் பீப் ஒலி கேட்காது, மழையில் விளக்கு சரியாகத் தெரியாது, ஆனால் உள்ளங்கை அதிர்வது யாருக்கும் புரியும். அண்ணாச்சிக்குச் சொல்லித்தர ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தூசியும் தண்ணீரும் புகாத ஐ.பி.67 தரம் என்று போட்டிருந்தார்கள். தரையில் எத்தனையோ தடவை விழுந்திருக்கிறது. ஒரு முறை களத்தில் தேங்கின தண்ணீரிலும் விழுந்தது. துடைத்துவிட்டு வேலை செய்தோம்.

டேக் என்பது ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் வில்லை, நடுவில் திருகாணித் துளை. 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகிற வகை. அதற்குள் பேட்டரி கிடையாது. ரீடருக்குள் ஒரு செம்புச் சுருள் இருக்கிறது, அது பக்கத்தில் வரும்போது உண்டாகிற காந்தப் புலத்தில் இருந்து டேக் தனக்கு வேண்டிய துளி மின்சாரத்தை எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லிவிட்டு அடங்கிவிடுகிறது. பேட்டரி இல்லாததால் தீர்ந்துபோக எதுவும் இல்லை. மூன்று வருடத்தில் ஒரே ஒரு டேக் மாற்றினோம், அதுவும் லாரி பின்னால் வந்து சுவரில் மோதி நொறுங்கியதால்.

மாட்டின முதல் நாள் ஒரு சிக்கல். உமிக் கிடங்கின் இரும்புக் கதவில் திருகிய டேக் எவ்வளவு அழுத்தினாலும் பேசவில்லை. டேக் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தால் உடனே படிக்கிறது. மறுபடி கதவில் வைத்தால் ஊமை. பின்னால் இரும்புத் தகடு இருந்தால் அந்தக் காந்தப் புலத்தைத் தகடு தின்றுவிடும், டேக்குக்கு மிஞ்சாது. தச்சரிடம் ஒரு அங்குல கனத்தில் வேப்பம் பலகைத் துண்டு வாங்கிக் கதவில் அடித்து, அதன் மேல் டேக்கைத் திருகினோம். அன்றிலிருந்து சரியாகிவிட்டது. இரும்பின் மேல் ஒட்டுவதற்கென்றே தனி டேக் விற்கிறார்கள், விலை கூடுதல். ஆலை, ஒர்க்‌ஷாப், பெட்ரோல் பங்க் வைத்திருப்பவர்கள் வாங்கும்போதே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதினொரு பாயின்ட்: எடைமேடை, களத்தின் வடக்கு மூலை, நெல் குடோன் பின்புறம், அரிசி குடோன் பின்புறம், பாய்லர், உமிக் கிடங்கு, டிரான்ஸ்பார்மர், தவிட்டு அறை, மோட்டார் ரூம், லாரி ஷெட், கால்வாய்ச் சுவர். ராத்திரி பத்து முதல் காலை ஐந்து வரை மணிக்கு ஒரு ரவுண்ட்ஸ், ஆக எட்டு. இரவு வேலைக்கு வந்ததும் அண்ணாச்சி தன் பெயருக்கான டேக்கை ஒரு தடவை தொடுவார். அதற்குப் பிறகு விழுகிறதெல்லாம் அவர் கணக்கில் சேரும். காலையில் நான் வந்ததும் ரீடரை யு.எஸ்.பி. வயரில் கணினியோடு இணைப்பேன். 88 வரி வந்து நிற்கும். விட்டுப்போன இடம் சிவப்பில் இருக்கும்.

ஆரம்பத்தில் நான் சிவப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். அது தப்பு. இரண்டு மாதம் கழித்துத்தான் புரிந்தது, பார்க்க வேண்டியது இடைவெளி. பதினொரு பாயின்ட்டையும் விறுவிறுவென்று நடந்து ஏழு நிமிடத்தில் தொட்டுவிடலாம். ரிப்போர்ட்டில் அது முழு ரவுண்ட்ஸ்தான், ஒரு குறையும் தெரியாது. ஆனால் எங்கள் இடத்தில் காவல் என்பது திருடனைப் பார்ப்பது மட்டும் இல்லை. உமிக் குவியலில் ஒரு கங்கு விழுந்தால் உடனே தீப்பிடிக்காது. உள்ளுக்குள்ளே கனன்றுகொண்டே போகும். வெளியே ஒன்றும் தெரியாது, வாடைதான் முதலில் வரும். அந்த வாடையைப் பிடிக்க அங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அண்ணாச்சியின் ரவுண்ட்ஸ் எப்போதும் பதினெட்டு, பத்தொன்பது நிமிடம். பாய்லருக்கும் உமிக் கிடங்குக்கும் நடுவில் மூன்று நிமிடம் இருக்கும். பத்தடி தூரத்துக்கு ஏன் மூன்று நிமிடம் என்று கேட்டேன். “சாம்பல் குழியில தண்ணி ஊத்திட்டு, கிண்டிப் பாத்துட்டுதாம்மா வாரேன்” என்றார். இத்தனை வருடமாக அதை அவர் செய்துவருவது எனக்குத் தெரியாது. சொல்லிச் செய்ததும் இல்லை. மிஷின் வாங்கியிருக்காவிட்டால் தெரியாமலே போயிருக்கும்.

அரிசி மூடை விவகாரம் வந்தது 2023 ஏப்ரலில். ஸ்டாக் எடுத்தபோது அம்பை 16 அரிசியில் பதினான்கு மூடை குறைந்தது. முந்தின ராத்திரி பின்பக்கமாகப் போயிருக்க வேண்டும் என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் தலையாட்ட, பத்து நிமிடத்தில் எல்லோருடைய பேச்சும் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டது. அண்ணாச்சி வேப்பமரத்தடியில் துண்டைத் தோளில் போட்டபடி நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கணினியைத் திறந்து அரிசி குடோன் பின்புறத்து வரிகளை எடுத்து முதலாளியிடம் காட்டினேன். 1.10, 2.12, 3.09, 4.11. பதினான்கு மூடையைச் சுவர் மேல் ஏற்றி அந்தப் பக்கம் இறக்க வேண்டுமானால் மணிக்கு ஒரு முறை ஆள் வந்துபோகிற இடத்தில் முடியுமா? முதலாளி திரும்பப் படித்துவிட்டு, “லோடு சீட்டை எடுங்க” என்றார். இரண்டு நாளைக்கு முன்னால் போன லாரியில் ஒரு வரிசை எண்ணாமல் விட்டிருந்தோம். பதினான்கும் அந்த வரிசைதான். வாங்கின பார்ட்டி போனில் கூடுதலாக வந்ததை ஒத்துக்கொண்டார். லோடு சீட்டில் இருந்தது என் எழுத்து. அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். 12,980 ரூபாய் அன்றைக்கே அடைந்துவிட்டது என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

அதே வருடம் கார்த்திகையில் மிஷினுக்குத் தெரியாதது என்ன என்பதும் தெரிந்தது. ஒரு நாள் காலை ரிப்போர்ட்டில் 2.20 முதல் 4.05 வரை வெறுமை. மூன்று மணி ரவுண்ட்ஸ் முழுக்கச் சிவப்பு. அரை நாள் சம்பளம் பிடிக்கலாம் என்று முதலாளி சொன்னார். அண்ணாச்சியைக் கேட்டால், கால்வாய்ச் சுவர் பக்கம் கரடி நின்றதாம். எடைமேடை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். இங்கே மேற்கே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், மலையை விட்டுக் கரடி இறங்கி ஊருக்குள் வருவது எங்களுக்குப் புதிது இல்லை. போய்ப் பார்த்தால் சேற்றில் அகலமாகத் தடம், நகம் இழுத்த கோடு. வனத்துறைக்குச் சொன்னோம். சம்பளப் பிடித்தம் பேச்சு அதோடு நின்றது. ஆனால் அவர் கேட்டது எனக்குள் நின்றது. “இதுக்கு நான் போகாதது தெரியுது. ஏன் போகலன்னு சொல்லத் தெரியலயேம்மா.”

அதற்கு ஒரு வழி அந்த மிஷினிலேயே இருந்தது, கடைக்காரர் சொல்லித் தரவில்லை. மென்பொருளில் ஒரு டேக்கை இடமாகவும் பதியலாம், ஆளாகவும் பதியலாம், சம்பவமாகவும் பதியலாம். மிச்சமிருந்த டேக்கில் நான்கை எடுத்து, விலங்கு, புகை, கதவு திறந்திருக்கிறது, தண்ணீர் என்று பெயர் கொடுத்து, நான்கு நிறத்தில் நூல் கட்டி அவர் சாவிக்கொத்தில் மாட்டிவிட்டேன். எங்கே எது நடந்தாலும் அந்த நிறத்தைத் தொட்டுவிட்டால் போதும், நேரத்தோடு காரணமும் பதிந்துவிடும். சிவப்பு நூல் புகை. நீல நூல் தண்ணீர். மிஷின் வாங்குகிறவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள். காரணம் சொல்ல இடமில்லாத ரிப்போர்ட் ஒரு பக்கத்து நியாயம்தான் பேசும்.

நூல் கட்டி இரண்டு வாரத்தில் நீல நூலுக்கு வேலை வந்தது. 2023 டிசம்பர் 17, 18, பெருவெள்ளம். தாமிரபரணிக் கரையில் இருக்கிற யாருக்கும் அந்தத் தேதியைச் சொல்லிக்காட்ட வேண்டாம். 17 ராத்திரி கால்வாய் நிரம்பிச் சுவருக்கு அடியில் தண்ணீர் வர ஆரம்பித்ததும் 11.20க்கு அண்ணாச்சி நீல நூலைத் தொட்டிருக்கிறார். அடுத்த நிமிடமே என்னைப் போனில் கூப்பிட்டார். டவர் போகிறதற்கு முன்னால் கிடைத்த கடைசி அழைப்பு அதுதான். விடிவதற்குள் ஆட்கள் வந்து கீழ் வரிசை மூடைகளைப் பலகை மேல் ஏற்றினார்கள், ஏறக்குறைய பாதி தப்பியது. அந்த ராத்திரி யாரும் ரிப்போர்ட்டைப் பற்றி நினைக்கவில்லை. மூன்று நாள் கழித்துக் கரண்ட் வந்து கணினியில் மாட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: பன்னிரண்டில் இருந்து நான்கு வரை அரைமணிக்கு ஒரு முறை, முழங்கால் தண்ணீரில், நெல் குடோன் பின்புறத்தைத் தொட்டிருக்கிறார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. கால்வாய்ச் சுவர் டேக் இரண்டு நாள் தண்ணீருக்குள் இருந்தது. சேற்றைத் துடைத்துவிட்டு ரீடரை வைத்தேன், கை அதிர்ந்தது.

குறைகள் உண்டு. பெரியது நேரம். ரீடருக்குள் இருக்கும் கடிகாரம் தன்னால் சரியாக ஓடுவதில்லை. கணினியில் இணைக்கும்போது கணினியின் நேரத்தை எடுத்துக்கொள்கிறது. எங்கள் ஆபீஸ் கணினியில் மதர்போர்டில் இருக்கிற சில்லறைக் காசு மாதிரியான பேட்டரி தீர்ந்துபோய், கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போனது. நான் கவனிக்காமல் ரீடரை மாட்ட, அந்த வாரம் முழுக்க ரவுண்ட்ஸ் எல்லாம் ஆலை கட்டுவதற்கு முன்னால் நடந்ததாகப் பதிந்தது. சாட்சி என்று ஒன்றை வைத்துக்கொண்டால் அதன் நேரம் சரியாக இருக்க வேண்டும். பேட்டரி மாற்ற ஐம்பது ரூபாய்கூட ஆகாது. ரீடரை மாட்டுவதற்கு முன்னால் கணினியின் நேரத்தை ஒரு தடவை பார்ப்பதை இப்போது வழக்கமாக வைத்திருக்கிறேன்.

இரண்டாவது, இந்த வகை டேக்கில் பூட்டு எதுவும் இல்லை. எண்ணைப் படித்துக் காலி டேக்கில் எழுதிப் பிரதி எடுக்கிற கருவி மலிவாகக் கிடைக்கிறது. நகைக்கடை, வங்கி மாதிரி இடம் என்றால் 13.56 மெகாஹெர்ட்ஸ் வகையில் ரகசியச் சாவியோடு வருகிற டேக்குகளைக் கேளுங்கள். எங்களைப் போன்ற இடத்துக்கு இது போதும். ஆனால் திருகாணியை மட்டும் சாதாரணமாகப் போடாதீர்கள், கழற்றிக் கேட்டுக்குக் கொண்டுவந்து வரிசையாக வைத்துத் தொடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. சாதாரண ஸ்க்ரூ டிரைவரில் கழலாத திருகாணி போட்டு மேலே கொஞ்சம் எபாக்ஸி பசை பூசிவிட்டோம்.

மூன்றாவது, இது உடனுக்குடன் சொல்லாது. காலையில்தான் தெரியும். சிம் போட்ட ரீடர் இருக்கிறது, ரவுண்ட்ஸ் தவறினால் அப்போதே போனுக்குச் செய்தி வரும். டெமோ பார்த்தேன். விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு, சிம்முக்கும் சர்வருக்கும் வருடச் செலவு தனி. விலை குறைந்த மாடல்கள் 2ஜி மட்டும் பிடிக்கும். ஜியோவில் 2ஜி கிடையாது என்பதால் அந்த சிம் போட்டால் ஓடாது, உங்கள் இடத்தில் வேறு எந்த சிம்முக்கு டவர் கிடைக்கிறது என்று பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். என் அண்ணன் மகன் பணகுடிப் பக்கம் காற்றாலைக் கம்பெனியில் இருக்கிறான். அங்கே ஒரு காற்றாடிக்கும் அடுத்த காற்றாடிக்கும் நடந்தால் கால் மணி நேரம், வாட்ச்மேன் தனி ஆள், பாம்பு கடித்தால்கூடக் காலைவரை யாருக்கும் தெரியாது. கூரையே இல்லாத வெட்டவெளி, ஜி.பி.எஸ். துல்லியமாக வேலை செய்யும். ஆபத்துப் பொத்தானோடு வருகிற சிம் ரீடர்தான் அங்கே சரி. காவல் காக்கிறவருடைய உயிருக்கும் அது காவல். அடுக்குமாடிக் குடியிருப்புக்கு எங்களுடையது போதும், மாடிக்கு ஒரு டேக், லிஃப்ட் அறையில் ஒன்று, தண்ணீர்த் தொட்டி மேல் ஒன்று. ஏஜென்சி மூலம் ஆள் எடுக்கிற சங்கங்கள் மிஷினைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், 2005ஆம் வருடத் தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி அந்த ஏஜென்சிக்கு உரிமம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. மாத ரிப்போர்ட் ஒன்று இருக்கிறது, ஆள்வாரியாக. 2024 மார்ச்சில் அதை முதல் தடவை அச்சடித்தேன். 31 ராத்திரி, 31லும் ஒரே பெயர். பிசான நெல் வரும் நேரம் என்று அண்ணாச்சி ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை, நாங்களும் கொடுக்க நினைக்கவில்லை. நோட்டில் கையெழுத்தாக இருந்தபோது அது யார் கண்ணிலும் படவில்லை. அச்சடித்த தாளில் ஒரே பெயர் வரிசையாக இறங்கி வந்ததைப் பார்த்ததும் முதலாளி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மே மாதத்தில் இருந்து மூன்றாவது வாட்ச்மேன் வந்தார், மிச்ச டேக்கில் ஒன்று அவர் பெயருக்குப் போனது. அண்ணாச்சிக்கு இப்போது வியாழக்கிழமை ராத்திரி வீட்டில் படுக்கை.

சார்ஜ் மாதம் ஒரு முறை ஏற்றினால் போதும். ரப்பர் உறை ஒரு பக்கம் கிழிந்திருக்கிறது, சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றியிருக்கிறார். மற்றபடி இன்னும் நன்றாகவே ஓடுகிறது.

போன வாரம் காலையில் சாவிக்கொத்தையும் மிஷினையும் மேசையில் வைத்துவிட்டு அண்ணாச்சி போகாமல் நின்றார். கையில் கடுங்காப்பி ஃப்ளாஸ்க். என்ன என்று கேட்டேன். கால்வாய்ச் சுவர் தாண்டி மடைக்குப் பக்கத்தில் சுவர் கொஞ்சம் வெடித்திருக்கிறதாம், வெள்ளத்துக்குப் பிறகு ஒவ்வொரு ரவுண்ட்ஸிலும் அங்கே போய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறாராம். “அங்கன ஒண்ணு மாட்டுங்கம்மா. தெனம் போய்ட்டுதான் வாரேன், கணக்குல வரமாட்டேங்கு.”

இருபதில் மிச்சம் ஒரு டேக் இருந்தது. கொத்தனாரை வரச் சொல்லி வெடிப்பைப் பூசிவிட்டு, அதன் மேலேயே திருகியிருக்கிறோம். பன்னிரண்டாவது பாயின்ட். ‘மடை’ என்று பெயர் பதிந்திருக்கிறேன்.